வேளாண் பட்ஜெட்: வாசிப்பது ஒன்று, வாக்களிப்பது வேறு

2021 ஆகஸ்ட் 13 அன்று, கொரோனா காரணமாகக் கலைவாணர் அரங்கில் கூடிய தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில், நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் காகிதமில்லாத முதல் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். மறுநாள் சனிக்கிழமை. வேளாண்மைத் துறை அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் எழுந்து மாநிலத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையை வாசித்தார். டெல்லி எல்லையில் அப்போது போராடிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அதைக் காணிக்கையாக்குவதாகவும் சொன்னார். வேளாண்மைக்கும் அதைச் சார்ந்த துறைகளுக்கும் சேர்த்து அந்த ஆண்டு சொல்லப்பட்ட தொகை ரூ.34,220.65 கோடி.

அதன்பின் ஆண்டுதோறும் இந்த உரை வாசிக்கப்பட்டது. 2022-23இல் தொகை ரூ.33,007.68 கோடியாகச் சற்றே இறங்கியது. 2023-24இல் ரூ.38,904 கோடி, 2024-25இல் ரூ.42,282 கோடி, 2025 மார்ச் 15 அன்று வாசிக்கப்பட்ட அறிக்கையில் ரூ.45,661 கோடி. மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பில் வந்தவை இந்த எண்கள்தாம்.

ஆனால் இந்த ரூ.45,661 கோடிக்குப் பேரவை எந்த நாளிலும் வாக்களிக்கவில்லை. அப்படி வாக்களிப்பதற்கான இனம் எதுவும் அரசின் கணக்கில் கிடையாது. பேரவையின் வாக்குக்கு வருபவை எண்ணிட்ட மானியக் கோரிக்கைகள். வேளாண்மை - உழவர் நலத்துறைக்கு உரியது 5ஆம் எண். கால்நடை பராமரிப்புக்கு 6, மீன்வளத்துக்கு 7, பால்வளத்துக்கு 8, கூட்டுறவுக்கு 12, எரிசக்திக்கு 14, நீர்வளத்துக்கு 40. வேளாண் அறிக்கையில் வரும் பெருந்தொகை இவற்றிலிருந்தும் ஊரக வளர்ச்சி, உணவு, வனம், பட்டு வளர்ச்சி முதலிய பிற துறைகளிலிருந்தும் உழவருக்குப் போகும் பங்கைப் பொறுக்கியெடுத்துக் கூட்டிய தொகை. அது பொய்க்கணக்கு என்று நான் சொல்லவரவில்லை. உழவருக்கு அரசு மொத்தம் எவ்வளவு செலவிடுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டுவது பயனுள்ள வேலைதான். ஆனாலும் அது ஓர் அறிக்கை, அவ்வளவே. சட்டப்படி பணத்தை விடுவிக்கும் வாக்கு வேறிடத்தில், வேறொரு நாளில், வேறு எண்களின் மீது நடக்கிறது. ஒரு மாநிலத்தின் வேளாண் செலவை யார், எங்கே, எப்போது தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறைக்கலாம், கூட்ட முடியாது

வேளாண்மை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம். வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் பூச்சி, நோய்த் தடுப்பும் அதில் அடக்கம். எனவே இந்தச் செலவுக்கு முழுப் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்துக்கே என்று நினைக்கத் தோன்றும். பிரிவு 202 ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவை முன் வைக்கச் சொல்கிறது. பிரிவு 203 அதில் உள்ள செலவுகளை மானியக் கோரிக்கைகளாக வாக்குக்கு விடச் சொல்கிறது. அங்கேதான் முதல் முடிச்சு இருக்கிறது. ஒரு கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அமைச்சரவையின் விருப்பம் இல்லாமல், எந்தக் கோரிக்கையும் அவைக்கு வரவும் முடியாது. பிறகு வரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவில் தொகையை மாற்றும் திருத்தம் எதையும் பிரிவு 204 அனுமதிப்பதில்லை.

ஆக, பருத்தி விவசாயிக்குக் கூடுதலாகப் பத்துக் கோடி வேண்டும் என்று நினைக்கும் உறுப்பினர், ஆளுங்கட்சியாக இருந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தாலும், அதை நேரடியாகச் செய்ய வழியில்லை. அவர் பேசலாம். வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். வெட்டுத் தீர்மானம் என்ற கருவி உண்மையில் வெட்டுவதற்கு அல்ல, பேசுவதற்குத்தான் பயன்படுகிறது. அடையாளமாக நூறு ரூபாய் குறைக்கக் கோரி ஒரு குறையைப் பதிவு செய்வது வழக்கம். அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை அது குரல் வாக்கெடுப்பில் விழும். விழாமல் நிறைவேறினால் அரசின் மீது நம்பிக்கையில்லை என்று பொருளாகிவிடும். அந்த அச்சமே ஆளுங்கட்சி உறுப்பினர் கையைக் கட்டிப்போடுகிறது.

இந்த அமைப்பு நேற்று வந்ததல்ல. 1919 சட்டத்தின் இரட்டையாட்சியில், 1921இல் கூடிய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும் இதே நிலை. அப்போது வேளாண்மை, கூட்டுறவு, மீன்வளம் ஆகியவை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்கள் கையில் இருந்தன. பாசனமும் நிலவருவாயும் நிதியும் ஆளுநரின் நிர்வாகக் குழு கையில். ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தத் துறைகளுக்கான கோரிக்கையைச் சட்டமன்றம் வெட்டினாலும் ஆளுநர் சான்றளித்து மீட்டுக்கொள்ளலாம். விதையும் உரமும் அமைச்சருக்கு, தண்ணீரும் காசும் வேறொருவருக்கு என்ற அந்தப் பிரிவினையின் நிழல் இன்றும் இருக்கிறது. இன்றைய வேளாண் அமைச்சரின் 5ஆம் கோரிக்கையில் மேட்டூர்க் கால்வாய் இல்லை, பம்புசெட் மின்சாரம் இல்லை, பயிர்க்கடன் இல்லை. எல்லாம் வேறு அமைச்சர்களின் எண்களில் இருக்கின்றன. தனி அறிக்கை என்ற யோசனைக்கு நியாயம் இருப்பதும் இதனால்தான்.

எண் பிறக்கும் இடம்

5ஆம் கோரிக்கையின் எண் தலைமைச் செயலகத்தில் பிறக்கிறது. வேளாண்மை இயக்குநரகம், தோட்டக்கலை, வேளாண் பொறியியல், வேளாண் விற்பனை, விதைச்சான்று, சர்க்கரைத் துறை என்று ஒவ்வொரு துறைத் தலைவரும், நிதியாண்டு பாதி கடக்கும் முன்பே, தம்மிடம் எத்தனை பணியிடங்கள், அவற்றுக்கு என்ன சம்பளம் என்ற எண்ணிக்கை அறிக்கையை நிதித்துறைக்கு அனுப்ப வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கான மானியமும் இதே கோரிக்கையில்தான் வருகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செலவு ஒரு பகுதி, புதிதாகத் தொடங்கும் திட்டம் இன்னொரு பகுதி. செயலக வழக்கில் அவை பகுதி-1, பகுதி-2. ஓடுகிற செலவில் சென்ற ஆண்டின் எண்ணை எடுத்து அகவிலைப்படிக்கும் ஊதிய உயர்வுக்கும் கூட்டிக்கொள்வதே பெரும்பாலும் நடப்பது. புதிய திட்டத்துக்குத்தான் நிதித்துறையோடு மல்லுக்கட்டு.

அங்கே முடிவானது கணக்குத் தலைப்புகளாகப் பிரிந்து அச்சாகிறது. பயிர்ப் பராமரிப்புக்கு 2401, மண் - நீர்வளப் பாதுகாப்புக்கு 2402, வேளாண் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் 2415, மூலதனச் செலவுக்கு 4401. இந்தப் பெருந்தலைப்புகள் நாடு முழுவதற்கும் பொது. அதனால்தான் ஆந்திராவின் 2401ஐயும் கேரளாவின் 2401ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. பேரவை உறுப்பினருக்குக் கிடைக்கும் கோரிக்கைப் புத்தகத்தில் இந்த எண்கள் பல அடுக்குகளாக, பக்கம் பக்கமாக இறங்கும். அதை வாசிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் எப்போதும் சிலர் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு துறைக்கு ஒரு நாள், சில நாட்களில் இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து ஒரே நாள் என்று ஓடும் அவையில், அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? அன்றைய கவனமெல்லாம் அமைச்சர் பதிலுரையின் கடைசியில் வாசிக்கும் புதிய அறிவிப்புகளின் மீது. தொகுதிக்கு ஒரு உலர்களம், ஒரு சேமிப்புக் கிடங்கு அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் போதும் என்று உறுப்பினர் நினைப்பதைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஊரில் அவரைக் கேட்பவர்கள் 2401ஐப் பற்றிக் கேட்பதில்லை.

பேரவை வாக்களித்தாலும் அந்த வாக்கு கட்டுப்படுத்துவது கோரிக்கையின் மொத்தத்தைத்தான். வருவாய்ச் செலவு எவ்வளவு, மூலதனச் செலவு எவ்வளவு என்ற வரம்பு மீறப்படக் கூடாது. அதற்குள் ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்துக்கு மாற்றுவதை மறுநிதி ஒதுக்கம் என்பார்கள். அதற்கு நிதித்துறையின் ஒப்புதல் போதும், அவைக்கு வர வேண்டியதில்லை. வாக்களித்தபோது நுண்ணீர்ப் பாசனத்துக்கென்று இருந்த பணம் ஆண்டு முடிவில் வேறு எதற்கோ போயிருந்தால் அதில் சட்ட மீறல் ஏதுமில்லை. முற்றிலும் புதிய செலவு என்றால் மட்டும் அது ‘புதுப்பணி’ ஆகிறது. அதைத் துணை மானியக் கோரிக்கையில் சேர்த்து அவைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் கோரிக்கைக்குள் மிச்சம் இருந்தால் வெறும் ஆயிரம் ரூபாய் அடையாளத் தொகைக்கு வாக்குக் கேட்டால் போதும். கோடிக்கணக்கான ஒரு புதிய திட்டம் ஆயிரம் ரூபாய் வரியாக அவைக்குள் வந்து, கடைசி நாள் அவசரத்தில் மற்றவற்றோடு சேர்ந்து நிறைவேறுவதும் உண்டு.

மின்சாரத்தின் பங்கு

பெருந்தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளலாம். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இல் தொடங்கி, 1990வாக்கில் எல்லோருக்கும் விரிந்தது. அதற்காக மின்வாரியத்துக்கு அரசு தரும் மானியமாக 2021-22 வேளாண் அறிக்கை சொன்னது ரூ.4,508.23 கோடி. 2023-24இல் அது ரூ.6,536 கோடி. 2025-26இல் ரூ.8,186 கோடி. மொத்தத்தில் அதன் பங்கு 13 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்தை நெருங்கிவிட்டது. வேறு விதமாகச் சொன்னால், இந்த ஐந்து அறிக்கைகளில் வேளாண் பட்ஜெட் ரூ.11,440 கோடி உயர்ந்திருக்கிறது. அந்த உயர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மட்டுமே.

இந்த ரூ.8,186 கோடியை யார் நிர்ணயித்தது? வேளாண் அமைச்சரில்லை. பேரவையும் இல்லை. மீட்டர் இல்லாத பம்புசெட்டுக்குக் குதிரைத்திறன் அடிப்படையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் விதிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அந்தக் கட்டணத்தை விவசாயியிடம் வாங்காவிட்டால் அரசு முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம், 2003இன் பிரிவு 65. இணைப்புகளின் எண்ணிக்கையும் ஆணையத்தின் கட்டண உத்தரவும் சேர்ந்து தொகையைத் தீர்மானித்துவிடுகின்றன. 2022 செப்டம்பரில் மாநிலத்தில் மின்கட்டணம் உயர்ந்தபின் மானியமும் ஏறியது. விவசாயிக்கு முன்பும் மின்சாரம் இலவசம், இப்போதும் இலவசம். அவர் வயலில் எதுவும் மாறாமலேயே வேளாண் பட்ஜெட் ஆயிரக்கணக்கான கோடி வளர்ந்துவிட்டது. இலவச மின்சாரம் கூடாது என்பதல்ல என் வாதம். காவிரிக் கடைமடையிலும் கொங்கு மண்டலத்திலும் அதை நிறுத்துவது சாகுபடியையே நிறுத்துவதற்குச் சமம். ஆனால் இந்த உயர்வை ‘வேளாண்மைக்கு ஒதுக்கீடு அதிகரிப்பு’ என்று தலைப்பிடும்போது வாசகர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார்.

ஓர் எளிய வகுத்தல் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் சாகுபடிக் கைப்பற்றுகள், சராசரி அளவு 0.75 ஹெக்டேர். ரூ.45,661 கோடியை அதனால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் ரூ.57,500 வருகிறது. இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்தை வைத்துக்கொண்டு விதைக்கும் உரத்துக்கும் டெப்போவில் மானியம் கேட்டு நிற்பவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்.

டெல்லியிலிருந்து வருவதும் வராததும்

மாநிலப் பட்டியலில் இருக்கும் துறைதான் என்றாலும், வேளாண்மைத் துறையின் திட்டச் செலவில் மத்திய அரசின் கை நீளமானது. சொட்டுநீர், உணவு தானிய இயக்கம், தோட்டக்கலை இயக்கம், தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டம் எல்லாம் பொதுவாக 60:40 என்ற விகிதத்தில் ஓடுகின்றன. 2014 ஏப்ரல் முதல் இந்தப் பணம் மாநிலத் திரண்ட நிதிக்குள் வந்து, பேரவையின் வாக்கு பெற்று, பிறகே செலவாக வேண்டும். முன்பு சங்கங்கள் வழியாக நேரே போய்க்கொண்டிருந்ததை மாற்றியது நல்ல சீர்திருத்தம். ஆனால் அதன் இன்னொரு பக்கம்: பேரவை வாக்களிக்கும்போது மத்தியப் பங்கு எவ்வளவு வரும் என்பது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. முதல் தவணையைச் செலவழித்துச் சான்று அனுப்பினால்தான் இரண்டாம் தவணை. 2021 முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே வங்கிக் கணக்கு என்ற ஏற்பாடு வந்தபின், அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தாலும் அடுத்த தவணை தாமதப்படும். மாநிலப் புத்தகத்தில் அச்சான எண் டெல்லியின் தவணையைப் பார்த்து நிற்கிறது.

மறுபுறம், ஆண்டுக்கு ரூ.6,000 தரும் பிஎம் கிசான் திட்டம் முழுக்க மத்திய நிதி. நேரே விவசாயி கணக்குக்குப் போவதால் மாநில வாக்கெடுப்புக்குள் வருவதே இல்லை. பயிர்க் காப்பீடு வேறு கதை. 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, விவசாயி கட்டும் பங்கு போக மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் சமமாகப் பிரித்துக்கொண்டன. 2020 காரிஃப் பருவம் முதல் மத்திய அரசு தன் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. பிரீமிய விகிதம் மானாவாரியில் 30 சதவீதம், பாசனப் பகுதியில் 25 சதவீதம் வரை மட்டுமே அது பங்கு போடும். ஏலத்தில் விகிதம் அதைத் தாண்டினால் மிகுதி மாநிலத்தின் தலையில். 2024-25 வேளாண் அறிக்கையில் காப்பீட்டுக்கு மாநிலம் ஒதுக்கியது ரூ.1,775 கோடி. மறு ஆண்டு ரூ.841 கோடி. ஓராண்டில் பாதிக்கும் கீழே இறங்கிய இந்த இனத்தின் பின்னால் ஏல விலையா, காப்பீட்டுக்குள் வரும் பரப்பா, இழப்பீட்டுக் கணக்கா என்று துருவிக் கேட்பதுதான் ஒரு பேரவையின் வேலை. அந்தக் கேள்வியை உட்கார்ந்து கேட்க அவைக்கு ஓர் இடமே இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்ஜெட்டுக்கு வெளியே

வேளாண்மைக்கான பெரிய முடிவுகள் பலவும் நிதிநிலை அறிக்கைக்கு வெளியேதான் பிறந்திருக்கின்றன. 2021 பிப்ரவரி 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவை விதி 110இன் கீழ் ஓர் அறிக்கை படித்தார்: 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கிய ரூ.12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி. விதி 110இன் அறிக்கைக்கு விவாதம் கிடையாது. இடைக்கால நிதிநிலை அறிக்கை வந்தது அதற்குப் பிறகு, 23ஆம் தேதி. சங்கங்களுக்கு அரசு பணம் திருப்பித் தருவது கூட்டுறவுக் கோரிக்கையில் பல ஆண்டுத் தவணைகளாக விழுந்தது. 2006இலும் 2016இலும் தள்ளுபடி புதிய அரசுகளின் முதல் நாட்களில் அறிவிக்கப்பட்டது. கட்சி எதுவானாலும் வழி ஒன்றே: முடிவு முதலில், வாக்கு பின்னால்.

குறுவைத் தொகுப்புத் திட்டத்தைப் பாருங்கள். டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி, விதைக்கும் உரத்துக்கும் இயந்திர நடவுக்கும் மானியமாக 2021இல் ரூ.61.09 கோடி அறிவிக்கப்பட்டது. 2022இலும் ஏறக்குறைய அதே தொகை, 2023இல் ரூ.75.95 கோடி. 2024இல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூன் 12 அன்று மதகு திறக்கவில்லை. நிலத்தடி நீரை நம்பி நட்டவர்களுக்காக ரூ.78.67 கோடி. இவை பருவத்தைப் பார்த்து எடுத்த முடிவுகள், எடுக்கத்தான் வேண்டும். மழையும் அணையும் ஏப்ரல் முதல் தேதியைப் பார்த்து வருவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு செலவு, ஆண்டுதோறும் திடீர் அறிவிப்பாகவே ஏன் வர வேண்டும்? குறுவை வரும் என்பது மார்ச்சிலேயே தெரியாதா?

வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் கிடைக்கும் நிவாரணமும் 5ஆம் கோரிக்கையில் இல்லை. அது இயற்கைச் சீற்ற நிவாரணத்துக்கான 51ஆம் கோரிக்கையிலும் பேரிடர் நிதியிலும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.13,500 என்பதை ரூ.17,000 ஆக மாநிலம் உயர்த்தியது. கணக்கெடுப்பில் வேளாண் அலுவலர் வயலுக்கு வருவார், பணம் வருவாய்த் துறை வழியே வரும்.

நிதியாண்டுக்கும் சாகுபடி ஆண்டுக்கும் உள்ள பொருத்தமின்மை தேர்தல் ஆண்டில் வெளிப்படையாகத் தெரியும். 2021இல் பிப்ரவரி இடைக்கால அறிக்கைக்குப் பின், அரசமைப்பின் பிரிவு 206 அனுமதிக்கும் முன்பண மானியத்தில் துறை ஓடியது. முழு ஆண்டுக்கான வாக்கு கிடைத்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. 2024இல் பிப்ரவரி 20 அன்று வேளாண் அறிக்கை வாசிக்கப்பட்டும், மக்களவைத் தேர்தலால் மானியக் கோரிக்கைகள் ஜூன் 20 முதல் 29 வரை, நாளுக்கு இரண்டு அமர்வாக ஓட்டி முடிக்கப்பட்டன. புதிய திட்டத்துக்கு வாக்குக்குப் பிறகு நிர்வாக ஒப்புதல் அரசாணை, பிறகு வழிகாட்டுதல், பிறகு மாவட்டத்துக்கு இலக்கு. வட்டார அலுவலகத்துக்கு இலக்கு வந்து சேரும்போது சம்பா நட்டு முடிந்திருக்கும். அதன்பின் மார்ச் 31. செலவாகாத பணம் காலாவதியாகும், அல்லது அதற்கு முன்பே ஒப்படைக்கப்படும். பிப்ரவரி, மார்ச்சில் தார்ப்பாயும் தெளிப்பானும் அவசர அவசரமாகக் கைமாறுவதை எந்த விவசாயியும் பார்த்திருப்பார்.

கேரளத்தின் பாதி வழி

செலவு முடிந்தபின் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வருகிறது. எந்தக் கோரிக்கையில் எவ்வளவு மிச்சம், எங்கே மிகை என்று அது சொல்லும். மிகையைப் பிரிவு 205இன் கீழ் பேரவை முறைப்படுத்த வேண்டும். பொதுக் கணக்குக் குழு அதை ஆராயும். குழுவின் அறிக்கை வரும்போது அந்தப் பணத்தைச் செலவழித்த அதிகாரி ஓய்வு பெற்றிருக்கலாம், அமைச்சர் மாறியிருக்கலாம். மதிப்பீட்டுக் குழு உண்டு. ஆனால் அது ஆண்டுக்குச் சில துறைகளைத் தேர்ந்து பார்க்கும் குழு. வாக்கெடுப்புக்கு முன் 5ஆம் கோரிக்கையை வரி வரியாகப் படித்து, இயக்குநரைக் கூப்பிட்டு, ‘சென்ற ஆண்டு இதில் ஏன் செலவாகவில்லை’ என்று கேட்கும் குழு தமிழ்நாட்டுப் பேரவையில் இல்லை. காப்பீட்டுக் கேள்விக்கு இடமில்லை என்று சொன்னது இதைத்தான்.

கேரளம் இதை 1980லேயே செய்தது. பொது விவாதம் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் துறைவாரிப் பொருட்குழுக்களுக்குப் போகும். குழு ஆராய்ந்து அறிக்கை தந்தபின்தான் அவையில் வாக்கு. வேளாண்மைக்கும் அங்கே குழு உண்டு. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அமர்ந்து அதிகாரிகளைக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவுக்குத் தலைவர் அந்தத் துறையின் அமைச்சரேதான். கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவராகிவிடும் அந்த அமைப்பைப் பாதி வழி என்றே சொல்வேன். நாடாளுமன்றத்தில் 1989இல் முதன்முதலாக அமைந்த மூன்று துறைசார் குழுக்களில் ஒன்று வேளாண்மைக்கானது. 1993இல் அந்த ஏற்பாடு எல்லா அமைச்சகங்களுக்கும் விரிந்தது. அங்கே அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டிய வடிவம் அது.

தனி வேளாண் நிதிநிலை அறிக்கையைத் தமிழ்நாட்டுக்கு முன்பே வேறு மாநிலங்கள் முயன்றன. கர்நாடகம் 2011-12இல் எடியூரப்பா காலத்தில், ஆந்திரமும் ஒடிசாவும் 2013-14இல். தமிழ்நாட்டுக்குப் பின் ராஜஸ்தான் 2022-23இல். தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி வேளாண்மைக்கென்று நிழல் நிதிநிலை அறிக்கையைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்தது இந்தக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தது. இவற்றையெல்லாம் பழைய ரயில்வே பட்ஜெட்டோடு ஒப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1924 முதல் 2016 வரை தனியே வந்த அந்தப் பட்ஜெட்டுக்குத் தனி மானியக் கோரிக்கைகளும் தனி நிதி ஒதுக்கச் சட்டமும் இருந்தன. வேளாண் அறிக்கைகளுக்கு அவை கிடையாது.

அதனால் வேளாண் அறிக்கை வீண் என்று ஆகாது. அதற்காக மாவட்டங்களில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களும், துறைகளைத் தாண்டி 12,525 ஊராட்சிகளையும் ஐந்து ஆண்டில் எட்டுவதாக வகுத்த கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும் உழவுக்கு அரசியல் கவனத்தைக் கொண்டுவந்தன. அந்தக் கவனம் அவையின் அதிகாரமாக மாறவில்லை என்பதுதான் குறை. அடுத்து வரும் எந்த அரசும் இரண்டு காரியங்களைச் செய்ய முடியும், இரண்டுக்கும் சட்டத் திருத்தம் வேண்டாம். பெருந்தொகையின் ஒவ்வொரு ரூபாயும் எந்தக் கோரிக்கை எண்ணில், எந்தத் தலைப்பில் இருக்கிறது, சென்ற ஆண்டு அதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்ற ஓர் இணைப்பு அட்டவணையை உரையோடு வைக்கலாம். அமைச்சர் அமராத வேளாண் குழு ஒன்றைப் பேரவை விதிகளில் சேர்த்து, வாக்குக்கு முன் இரண்டு வாரம் அதற்குத் தரலாம்.

அதுவரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் நிதித்துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. 5ஆம் எண்ணைத் திறந்து 2401 தலைப்புக்குப் போங்கள். நான்கு நெடுவரிசைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. கடைசி நெடுவரிசைதான் தலைப்புச் செய்தியாகிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதல் நெடுவரிசையைப் பற்றிக் கேளுங்கள்.